இரண்டாம் மாடி இணைப்பு

ஜனவரியில் அந்தத் தீவுக்கு வருகிறவர்கள் இரண்டு வகைதான், சாவு வீட்டுக்கு வருகிறவர்களும் சம்பளத்துக்கு வருகிறவர்களும் என்று படகில் காபி ஊற்றியவன் சொன்னான். தான் இரண்டாவது வகை என்றாள் மிர்னா. அவளுடைய வேன் முழுக்க அட்டைப்பெட்டிகள். ரியேகா நகரத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் புதுத் தொலைபேசிகள் போட்டுத்தர ஒப்புக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு ஹோட்டல் திறக்கும். அதற்குள் எல்லா அறைகளிலும் ஃபோன் பேச வேண்டும்.

ஹோட்டல் வாசலில் காத்திருந்தவர் காவலாளி காஷ்பர். அறுபது தாண்டியவர். ஊரே அவரை பார்பா என்றுதான் கூப்பிடும், மாமா என்கிற மாதிரி. பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஃபோன்னு சொன்னாங்க. செங்கல்ல கொண்டாந்திருக்கியா?"

"இது நெட்வொர்க் ஸ்விட்ச், பார்பா. மாடிக்கு ஒண்ணு. ஒரே ஒயர்லதான் ஃபோனும் வரும், கம்ப்யூட்டரும் வரும். ரெண்டும் இடிச்சுக்காம இருக்க, பேச்சுக்கு ஒரு பாதை, மத்ததுக்கு ஒரு பாதைன்னு இது பிரிச்சு விடும். ஃபோனுக்குக் கரன்ட்டும் இதுலேர்ந்தே போகும்."

"ஒரே வீட்ல ரெண்டு பேரு, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது. என் கல்யாணம் மாதிரி சொல்லேன்."

முதல் இரண்டு நாளும் மிர்னாவுக்கு யாரோடும் பேச வேண்டிய தேவையே வரவில்லை. காஷ்பர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே கொதிகலன் அறைக்குப் போய்விடுவார். வெளியே புரா என்னும் வாடைக்காற்று மலையிலிருந்து இறங்கிக் கடலை வெள்ளை வெள்ளையாகக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளே மெத்தைகள் சுவரோடு சாய்ந்து நின்றன, நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவள் அறை அறையாக நுழைந்து, மேஜைமேல் ஃபோனை வைத்து, ஒயரைச் செருகிவிட்டு, தாழ்வாரத்து அலமாரிக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து தட்டுவாள். ஸ்விட்ச் ஒவ்வொரு ஃபோனுக்கும் நீ இந்தப் பாதையில் போ என்று சொல்லிக்கொடுக்கும். ஃபோனின் சின்னத் திரையில் அறை எண் தெரிந்தால் வேலை முடிந்தது. சரிபார்ப்பதற்காக ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு அவளே கூப்பிட்டாள். காலி அறையில் மணி அடிப்பது சுவர் வழியாகக் கேட்டது. எடுக்க யாருமில்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அடிக்க விட்டாள்.

இது அவளுக்குப் பழகிப்போன நிலைமைதான். ரியேகாவில் அவளுடைய ஆபீசிலும் இப்போது யாரும் வருவதில்லை. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். கருவிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டியவள் என்பதால் மிர்னா மட்டும் போனாள். நான்கு மேஜைகளுக்கு நடுவே ஒருத்தி. வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒருத்தி. நாற்பத்தைந்து வயதில் இதைப் பற்றி யாரிடமும் குறைசொல்ல அவளுக்குத் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் இரண்டாம் மாடி தகராறு பண்ணியது. ஃபோன்கள் எல்லாவற்றுக்கும் உயிர் வந்துவிட்டது, ஆனால் ஒன்றில்கூட அறை எண் வரவில்லை. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒயரைக் குறைசொல்லி அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் தப்பு அவளுடையதுதான். மாடி ஸ்விட்சில் பேச்சுக்கான பாதையைத் திறந்தவள், கீழே தலைமை ஸ்விட்சில் இந்த மாடிக்கு அதே பாதையைத் திறக்க மறந்திருந்தாள். மாடி முழுக்கப் பேசத் தயாராக இருந்தது, கீழே போகத்தான் வாசல் இல்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டு அதைச் சரிசெய்தாள். எல்லா ஃபோனும் ஒரே தடவையில் புதிதாகக் கிளம்பட்டும் என்று மாடி ஸ்விட்சை அணைத்துப் போட நினைத்தாள். அணைப்பதற்கு முன்னால் ஒரு விளக்கு கண்ணில் பட்டது. 214ஆம் அறைக்குப் போகும் ஒயரின் விளக்கு. அங்கே அவள் இன்னும் ஃபோன் வைக்கவில்லை. விளக்கோ படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ பழைய சாமான் கிடக்கும் என்று எண்ணி, அணைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"நீவெஸ்! நீவெஸ்!"

மிர்னா திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமலே ஓடினாள். 214இன் கதவு திறந்திருந்தது. கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் மேஜைமேல் இருந்த பழைய மடிக்கணினியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குப் பின்னால் கட்டியிருந்த பூப்போட்ட திரைச்சீலை ஒன்று அறுந்து தரையில் கிடந்தது.

"என் மக பையனத் தூக்கிட்டு உள்ள வந்தா," என்றாள் அந்த அம்மாள், மிர்னா யார் என்றுகூடக் கேட்காமல். "இந்த நேரத்துல அவ வரவே மாட்டா. பையன் தலை தோள்ல தொங்கிச்சு. அப்புறம் எல்லாம் கறுப்பாயிடுச்சு."

"நாந்தான் அணைச்சேன், ஷோரா," என்றாள் மிர்னா, தீவில் மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்லில். " வந்துடும். கொஞ்சம் பொறுங்க."

மிர்னா திரும்பி ஓடி ஸ்விட்சை எழுப்பினாள். அது கண்விழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அறைக்குத் திரும்பியபோது திரையில் ஒரு சமையலறையில் வேலைக்குப் போகும் உடையோடு ஓர் இளம்பெண் தெரிந்தாள். மடியில் கன்னம் சிவந்த ஒரு சிறுவன் தூங்கினான்.

"அம்மா, எங்க போயிட்ட? பயந்தே போயிட்டேன். ரோகோவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க, அவ்ளோதான். மருந்து குடுத்தாச்சு." பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சுருக்கினாள். "பின்னாடி என்ன அது? தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்னு மூணு பாஷைல போட்டிருக்கு. நம்ம வீட்டுக் கதவுல அத யாரு ஒட்டினா?"

மறைப்புக்குக் கட்டியிருந்த திரைச்சீலை தரையில் கிடப்பதை அம்மாள் அப்போதுதான் பார்த்தாள். மிர்னா மெதுவாக நழுவப் பார்த்தாள். அவளுடைய சட்டைக்கையை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஹோட்டல்ல இருக்கேன். காஷ்பர் சாவி குடுத்தான்."

"ஹோட்டல்லயா? வீட்டுக்கு இன்டர்நெட் போட்டாச்சுன்னு சொன்னியே! அதுக்குத்தானே பணம் அனுப்பினேன்."

"உன் பணம் அப்படியே இருக்கு. சுவத்த உடைக்கணும்னான் ஒருத்தன், ஈஸ்டருக்கு அப்புறம் வர்றேன்னான் இன்னொருத்தன். சரி, எவ்ளோ நேரம்தான் நான் அந்தத் தெருவுல உக்காந்திருக்கறது? ஒரு ஜன்னல்ல விளக்கு இல்ல, நீவெஸ். எல்லாம் ஜாக்ரெப்காரன் வீடு, ஜெர்மன்காரன் வீடு. ஈஸ்டர் வரைக்கும் பூட்டு."

"அதான் இங்க வந்துடுன்னு சொல்றேன்."

"அயர்லாந்துக்கு வந்து? நீ காலைல வேலைக்குப் போயிடுவ. இவன் ஸ்கூலுக்குப் போயிடுவான். நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் அதே அடுப்படில உக்காந்து அதே சுவத்தப் பார்க்கணும். அத இங்கேர்ந்தே பார்த்துக்கறேன். இங்கன்னா ஜன்னல்ல கடலாவது தெரியுது."

மகள் சிறுவனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு அவனைப் படுக்க வைக்கத் தூக்கிக்கொண்டு போனாள். திரையில் சமையலறை மட்டும் மிஞ்சியது. மேஜைமேல் ஒரு கோப்பை, நாற்காலி முதுகில் சின்ன மழைக்கோட்டு, ஜன்னலில் மழை.

ஃபூமிட்சா என்று தன் பெயரைச் சொன்னாள் அந்த அம்மாள். இந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள். அயர்லாந்தின் கால்வே நகரத்தில் இருக்கும் மகள், காலையில் கிளம்பும்போது மடிக்கணினியை மூடாமல் விட்டுப்போவாள். பகல் முழுவதும் இவள் அந்தக் காலிச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்கும். சில சமயம் பூனை வரும். இருட்டும் நேரத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். ராத்திரி மகள் கைபேசியில் கூப்பிட்டு நான்கு வார்த்தை பேசுவாள்.

"போரடிக்காதா ஷோரா?"

"உனக்குப் போரடிக்கலையா? காலி ரூம்ல மணி அடிச்சு, நீயே நின்னு கேட்டுட்டிருந்தியே. நான் இங்கதான் இருந்தேன், எல்லாம் காதுல விழுந்துச்சு."

மிர்னா சிரித்தாள். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் மதியச் சாப்பாடு 214இல் என்று ஆகிவிட்டது. ஃபூமிட்சா வீட்டிலிருந்து கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிக் கொண்டுவருவாள், கூட உப்புப் போட்ட மத்திமீன். காஷ்பரும் வந்து கதவோரம் நின்றபடியே சாப்பிட்டார். முதலாளிக்குத் தெரியாமல் அறையில் ஒருத்தியை உட்காரவிட்டது வெளியே தெரிந்துபோன வெட்கம் அவருக்கு இரண்டு நாள் தீரவில்லை.

"என்னய முதலாளிகிட்ட மாட்டிவிட்ராத, இன்ஜினியரம்மா."

"உன்ன மாட்டிவிட்டு அவளுக்கு என்ன மெடலா குத்தப்போறாங்க? மீன எடுத்துக்கோ," என்றாள் ஃபூமிட்சா.

வேலை முடியும் தறுவாயில் அவளுடைய கம்பெனி மேலாளர் க்ரூனோ ரியேகாவிலிருந்து கூப்பிட்டான்.

"மிர்னா, 214ல ஏதோ ஒண்ணு தொங்குதே. நாள் பூரா வீடியோ இழுக்குது. என்ன அது?"

"என் டெஸ்ட் மெஷின்."

"சினிமா பார்க்கற டெஸ்டா?" அவன் கிண்டலாகத்தான் கேட்டான். "போட்டுட்டு மறந்துட்டியோன்னு கேட்டேன். சரி, சரி. வெள்ளிக்கிழமை ஹோட்டல்காரங்க ஆளு பார்ப்பான். ஃபோனத் தவிர எந்த ஒயர்லயும் வேற எதுவும் வரக்கூடாது. அது ஒப்பந்தத்துலயே இருக்கு. மூடிடு."

மூடாமல் விடலாமா என்று அவள் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். விட்டால் பிடிபடுவது காஷ்பர்தான் என்பது காலையில் தெளிவாகப் புரிந்தது. போய் ஃபூமிட்சாவிடம் சொன்னாள்.

"மூடு," என்றாள் அந்த அம்மாள் உடனே. "உன் வேலைய நீ பாரு. நீவெஸுக்கும் விஷயம் தெரிஞ்சப்புறம் அது முன்ன மாதிரி இல்ல. நான் பார்க்கறேன்னு தெரிஞ்சு அடுப்படியத் துடைச்சு வச்சிட்டுப் போறா."

மிர்னா 214இல் ஃபோனை வைத்தாள். அதற்குப் பேச்சுப் பாதையை மட்டும் விட்டு மற்றதை அடைத்தாள். மடிக்கணினியின் திரை இருண்டது. வெளியூருக்குக் கூப்பிடும் வசதி ஹோட்டல் திறக்கும்போதுதான் வரும். ஆனால் சோதனைக்காக ரியேகா ஆபீசில், அவள் மேஜைமேலேயே, இந்த ஹோட்டலின் எண்ணோடு ஒரு ஃபோன் இருந்தது. 214இன் ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த ஃபோன் அடிக்கும்படி அமைத்துக்கொடுத்தாள்.

"இத அமுக்குங்க, ஷோரா. நான்தான் எடுப்பேன்."

"உனக்கு வேலை இருக்காதா?"

"இருக்கும். கை மட்டும்தான் வேலை செய்யும். காது சும்மாதான் இருக்கு."

ஆபீசுக்குத் திரும்பிய மறுநாளே மணி அடித்தது. ஆரம்பத்தில் காற்று எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். போகப்போக யாரும் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இங்கே இவள் வேறு ஊர் ஸ்விட்சுகளைச் சரிசெய்வாள், அங்கே ஃபூமிட்சா குறுக்கெழுத்துப் புதிர் போடுவாள்.

"ஆப்பிரிக்காவுல ஒரு ஆறு, அஞ்செழுத்து."

"தெரியலையே."

"படிச்சவதானே நீ? ஆமா, அங்க என்னத்த எலி மாதிரி கொறிக்கிற?"

"டைப் பண்றேன், ஷோரா."

பாதி நேரம் பேச்சே இருக்காது. பக்கம் புரளும் சத்தமும் தீவின் காற்றும் கேட்கும். ஒருநாள் க்ரூனோ எதையோ எடுக்க ஆபீசுக்கு வந்தவன் ஸ்பீக்கரில் தும்மல் கேட்டுத் திடுக்கிட்டான். யார் என்று கேட்டதற்கு, இணைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

மார்ச் கடைசியில் ஃபூமிட்சா கூப்பிட்டபோது குரலில் அவசரம் தெரிந்தது. வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு முன்கூட்டியே வந்துவிட்டது, எதிர்வீட்டு ஜாக்ரெப்காரர்கள் ஜன்னல்களைத் திறந்து கம்பளங்களைத் தட்டுகிறார்கள், ஈஸ்டருக்கு நீவெஸ் பையனோடு வருகிறாள், மாடி அறையை வாடகைக்கு விட வெள்ளையடிக்க வேண்டும்.

"நாளைக்கே ரூமக் காலி பண்ணணும்னு காஷ்பர் சொல்லிட்டான், பொண்ணே."

"நல்லதுதானே, ஷோரா," என்றாள் மிர்னா. அப்படித்தான் நினைக்கவும் செய்தாள். ஃபோனை வைத்தபிறகு ஆபீசில் ஸ்விட்சுகளின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் அது காதிலேயே விழுந்ததில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு சனிக்கிழமை. நிலுவை வேலைக்காக ஆபீசுக்கு வந்திருந்தாள். மேஜைமேல் ஃபோன் அடித்தது. திரையில் 214.

"ஷோரா ஃபூமிட்சா!" என்று கிட்டத்தட்டக் கத்தினாள்.

மறுமுனையில் ஓர் ஆண் ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு துண்டு கிடைக்குமா, மனைவிக்குத் தலை ஈரமாக இருக்கிறது என்றான். மிர்னா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு நிமிடம் என்று சொல்லி, வரவேற்பு மேஜைக்கு அவனை மாற்றிவிட்டாள். பிறகு 214இன் ஃபோனுடைய அமைப்பைத் திறந்தாள். தன்னைக் கூப்பிடும் அந்தப் பொத்தானை அப்போதே எடுத்திருக்க வேண்டும். எடுத்தாள், சேமித்தாள்.

ஃபூமிட்சாவின் வீட்டு எண் அவளிடம் இருந்தது. கூப்பிட்டாள். நெடுநேரம் அடித்தபிறகு அந்த அம்மாள் எடுத்தாள்.

"யாரு? மிர்னாவா! அடியே, வாசல்ல விருந்தாளிங்க பெட்டியோட நிக்கறாங்க, முந்தி வந்தவங்க இன்னும் போகல. நானே கூப்பிடறேன், சரியா?"

"சரி, ஷோரா. நிதானமா கூப்பிடுங்க."

சாயங்காலம் வரை அவள் ஆபீசில் இருந்தாள். மணி அடிக்கவில்லை. அடிக்காது என்பதும் தெரியும். சீசன் வந்துவிட்டால் தீவில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு, பஸ் ஏறாமல் துறைமுகம் வழியாக நடந்தாள். தீவுக்குப் போகும் படகுக்கு நீளமான வரிசை நின்றது. சைக்கிள்கள், குழந்தைகள், வைக்கோல் தொப்பிகள், ஒரே இரைச்சல். வரிசை நடைபாதையை அடைத்திருந்ததால், வழி கேட்டு வாங்கிக்கொண்டு அதன் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போனாள். அங்கிருந்து மேட்டில் ஏறினால் அவளுடைய வீடு.