அஸ்கிரியவில் ஒரு வளிமண்டலம்

பூமியின் இரண்டாவது வளிமண்டலத்தை நான் கண்டி அஸ்கிரியவில், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில், பதினொரு நாளிலேயே செய்து முடித்தேன். முதலாவதற்குக் கோடிக்கணக்கான வருசம் பிடித்தது. அப்போது என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டு யோகராஜ் மட்டும் நம்ப மறுத்தார். மாசியில் மனைவி சரோஜினிதேவி காலமான பிறகு மனிசன் கேற்றைத் தாண்டவில்லை. இருபது வருசம் என்னோடு கண்டி வாவியைச் சுற்றி நடந்தவருக்கு இப்போது உட்கார்ந்த கதிரையே கதி.

அவர் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்து, கழுவ ஆளில்லாமல், பாசி யானைத்தோல் தடிப்பில் படர்ந்திருந்தது.

“ஐசே, ஆதியில உலகத்துக்கு ஒட்சிசன் தந்தது இந்தச் சாதிப் பாசிதான். அதுக்கு முதல் வெறும் எரிமலைப் புகை. நெருப்புக்குச்சிகூடப் பத்தாது. அந்த ஒட்சிசனை நான் பிடிச்சுக் காட்டுறன். ஊதுபத்தித் தணல் அதில சுடராப் பத்தினா, வாவியைச் சுத்தி நடக்க நீர் வரோணும்,” என்றேன்.

“பத்தாட்டி?”

“இனி உம்மை நடக்கக் கூப்பிடமாட்டன்.”

“அப்பாடா,” என்றார். அது எனக்குச் சுட்டது.

தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தொட்டிக்குள் பாசிக்கு மேல் கவிழ்த்தேன். பாசி மிதக்காமலிருக்க, சட்டி தேய்க்கிற இரும்புக் கம்பிப் பஞ்சால் அமத்தினேன். ஐந்து நாளாகியும் போத்தலில் ஒரு குமிழிகூடச் சேரவில்லை. தண்ணீர்தான் துருவேறிச் சிவந்தது.

“உம்மட வளிமண்டலம் கறள் பிடிச்சிட்டுது, தியாகராஜா.”

மனிசன் ஆறு மாதத்துக்குப் பிறகு சிரித்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஆதிக் கடலிலும் இதே கூத்துத்தான். பாசி விட்ட ஒட்சிசனையெல்லாம் தண்ணீரிலிருந்த இரும்பு குடித்துக் கறளாகி அடியில் படிந்தது. அதன் தாகம் தீர்ந்த பிறகே காற்றுக்கு மிச்சம் வந்தது. அவ்வளவு காலம் காத்திருக்க எனக்கு வயதில்லை. பஞ்சை எறிந்துவிட்டுக் கல்லை வைத்தேன்.

பதினோராம் நாள் போத்தல் நிறைய வாயு. மனைவியின் படத்துக்கு முன் புகைந்த ஊதுபத்தியை யோகராஜ் தானே எடுத்துக்கொண்டு மாடியேறினார். நான் போத்தல் வாயைப் பொத்தி வெளியே எடுத்து நிமிர்த்த, தணலை அதற்குள் விட்டார்.

பக்கென்று சுடர்! கண்டி முழுக்க வெளிச்சம் என்றால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். பாதிக் கண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். “சரோ இருந்திருந்தா இந்தத் தொட்டியை இப்பிடி விட்டிருக்கமாட்டா.”

“பத்தினதா, இல்லையா?”

“நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு நடக்க வாறன்,” என்றவர், படியில் நின்று திரும்பினார். “ஓம் ஐசே. பத்தினது. என்ரை கண்ணால கண்டன்.”