எறும்புக்கு விட்ட கிளை

"எறும்பு ஏன் அந்தப் பூச்சியைத் தின்ன மாட்டேங்குது, சவுரிம்மா?" என்று அவரைப்பந்தலின் கீழே நின்று வஹீதா ஒருநாள் கேட்டாள். பக்கத்து வீட்டு அக்தர் பானுவின் ஆறு வயதுப் பெண் அவள். "இன்னாத்துக்குத் தின்னணும்? ரெண்டும் தோஸ்த்து" என்று சொல்லிவிட்டுச் சவுரியம்மாள் வேலைக்கு ஓடினாள்.

குரோம் மருந்து வராத காலம் அது. தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டைதான். கணியம்பாடிப் பக்கத்துக் காடுகளில் பட்டை உரித்து வளர்ந்த சவுரியம்மாள், இப்போது ஆம்பூரில் ஒரு தோல் சாலையில் பட்டை இடித்தாள். எறும்பு ஏறும் ஆவாரையில் பட்டை தடிப்பாக இருக்கும் என்பது உரிப்பவர்களின் நம்பிக்கை. அதனால் செடிக்கு ஒரு கிளையை உரிக்காமல் எறும்புக்கென்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் கெடுத்தது. பானுவின் அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சியும் எறும்பும் அப்பியபோது, பானு சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தாள். சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. எறும்பு ஏர்ற செடி கெட்டுப்போவாது."

"கேட்டுக்கிறேன். காய் கம்மியாச்சுன்னா உன் கொழம்புலதான் கை வைப்பேன்" என்று சிரித்தபடி பானு சாம்பலைக் கீழே கொட்டினாள்.

பானுவின் தாய் சாகுமுன் வாலாஜாபேட்டையிலிருந்து கொடுத்தனுப்பிய விதை அது. வேறு விதை கிடையாது. இந்தக் கொடி காய்த்து முற்றினால்தான் அந்த அவரை மிஞ்சும்.

இருபது நாளில் கொழுந்துகள் சுருண்டன. இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்தது. பானு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன மழைக்குச் சவுரியம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது பதினைந்து நாள் நனைந்துகொண்டே கஞ்சி கொண்டுவந்தவள் அவள். தம்பி கல்யாணத்துக்காக மகளோடு ஆற்காட்டுக்கு வண்டி ஏறும்போதும், "போனா போவட்டும், நீ பேஜாராவாதே" என்றுதான் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் சவுரியம்மாள் பந்தலடியில் உட்கார்ந்தாள். குழந்தையின் கேள்வி நினைவுக்கு வந்தது. உற்றுப் பார்த்தாள். எறும்பு தன் மீசையால் அசுவினியின் முதுகைத் தடவியது, பூச்சியின் பின்புறம் ஒரு சொட்டுத் தேன் துளிர்த்தது, எறும்பு குடித்தது. அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டை நாலு எறும்புகள் கடித்து விரட்டின. பால் கறப்பவன் பசுவைக் காப்பதுபோலத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது. இத்தனை சிறிய உயிர்களுக்கும் நன்றியைக் கற்றுக்கொடுத்த ஆண்டவர் தன்னை மட்டும் விட்டுவிடுவாரா?

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் விரலில் சாம்பல் தொட்டு ஒவ்வொரு கொழுந்தாக வழித்தாள். ஜெபமாலை உருட்டுவதுபோல, ஒரு கொழுந்துக்கு ஒரு 'மரியே வாழ்க' பிரியதத்தம். எறும்பு ஏறாதபடி தண்டைச் சுற்றியும் பந்தல்காலைச் சுற்றியும் சாம்பல் வளையம் போட்டாள். எறும்புகளையும் அவள் மறக்கவில்லை. வேலிக்கு வெளியே ஓர் எருக்கஞ்செடியில் மஞ்சள் அசுவினி மொய்த்துக் கிடந்தது. எறும்புப் புற்றின் வாயிலிருந்து அதுவரைக்கும் உரித்த ஆவாரங்குச்சி ஒன்றைப் பாலமாகச் சாய்த்து வைத்தாள். மூன்றாம் நாள் எறும்புகள் அந்த வழியே போய்வந்தன. ஐந்தாம் நாள் பொறிவண்டுகள் பந்தலுக்குத் திரும்பின.

பத்தாம் நாள், பானு திரும்பும் நாளன்று காலையில், கொடியின் உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து நின்றது.

சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பானு கண்ணில் படாதபடி சாம்பல் வளையத்தின்மேல் மண்ணைத் தள்ளி மூடினாள். பந்தலடியில் பதிந்திருந்த தன் காலடிகளைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு, நகக்கண்ணில் இருந்த சாம்பலைக் கழுவிக்கொண்டு, பட்டை இடிக்கப் போனாள்.