லியோனார்டின் கை

வியாழக்கிழமையிலிருந்து வயிற்றுவலியில் ஓடு பிய்ந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருந்த லியோனார்ட், ஞாயிறு பூசை மணி ஓய்ந்த கையோடு வாயை மூடிக்கொண்டான். லூர்து வந்து பார்த்தபோது, அவனுடைய அக்காவும் லியோனார்டின் மனைவியுமான ஞானசெல்வி தலைக்குக் குளித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். புருஷனின் வயிற்றுவலி போன இடம் தெரியவில்லையாம். விடியற்காலையில் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாளாம், பூசை முடிவதற்குள் அவர் காது கொடுத்துவிட்டாராம். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவுக்கு மட்டும் இதில் மனத்தாங்கல். முந்தின நாள் தான் ஊற்றிய விளக்கெண்ணெய்தான் கேட்டது என்பது அவள் கட்சி. சாமிக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடந்த அந்த வழக்கில் ராயபுரத்துச் சந்தே இரண்டுபட்டு நின்றது. பாயில் கிடந்தவனைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

லூர்து பார்த்தான். நேற்று அனலாய்க் கொதித்த உடம்பு இன்று சில்லிட்டு வேர்த்திருந்தது. மூக்கு கூர்ந்து, கண் உள்ளே போய், மாமா முகத்தில் யாரோ வேறு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூச்சு மேலாக, வேகமாக ஓடியது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வலி இல்லை என்று சன்னமாகச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு லூர்துக்குப் பிடிக்கவில்லை. ஊரே நல்லாயிட்டான் என்கிறபோது நாம் ஏன் அபசகுனமாக வாயைத் திறக்க வேண்டும் என்று சும்மா இருந்தான். அப்போதுதான் லியோனார்டின் வலது கை பாயைவிட்டு மேலே எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றை மெதுவாகத் தட்டியது. ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

அந்தத் தட்டு லூர்துக்குத் தெரியும். இரண்டு பேரும் துறைமுகத்தில் ஒரே கப்பலில் வேலை பார்ப்பவர்கள். லூர்து சுமை தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். அவன் நிற்கிற இடத்திலிருந்து கப்பலின் அடிக்கிடங்கு தெரியாது. கிடங்கு வாயில் நின்று குனிந்து பார்த்துக் கை காட்டுகிறவன் லியோனார்ட். கவிழ்த்துத் தட்டினால் 'ஆரியா', அதாவது சுமையை இறக்கு. கையை மூடினால் நிறுத்து, அப்படியே பிடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையைப் பார்க்காமல் உத்தேசமாக இறக்கி, கீழே நின்றவன் காலை லூர்து நசுக்கியிருக்கிறான். அன்றைக்கு மாமா திட்டவில்லை. "கண்ணு சொல்றத நம்பாத மச்சான். என் கை சொல்றத நம்பு" என்று மட்டும் சொன்னான்.

இப்போது அந்தக் கை ஆரியா என்றது. லியோனார்டின் கண் உத்தரத்தில் நிலைத்திருந்தது. அங்கே ஒட்டடையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பார்வை ஒரு சாண் கீழே இறங்கியது. வருகிறது எதுவோ, பெரிய சுமை. எஞ்சின் பெட்டிகளுக்குத்தான் அவன் அத்தனை நிதானமாகத் தட்டுவான். சுமை இறங்கும்போது கீழே ஈ, காக்கை நிற்க விடமாட்டான் லியோனார்ட். இன்று அதற்கு நேர் கீழே அவனே மல்லாந்து கிடந்தான். லூர்து எழுந்து அக்காவிடம் போனான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் அக்கா முகம் சுண்டிப்போனது.

"அந்தோணியாரு வலிய எடுத்துட்டாரு லூர்து. இப்ப ஆஸ்பத்திரிக்கு இட்னு போனா, உன்ன நம்பலன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாரி ஆவாதா?"

"மாமா கை காட்னா நான் யாரயும் கேட்டதில்லக்கா. கீய ஆள் கீது. வெளிய இஸ்துடணும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் மாமாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். சந்து முனையில் நிற்கும் ஹபீபுல்லாவின் ரிக்‌ஷா போகிற வழியெல்லாம் லியோனார்டின் கை லூர்துவின் மடியில் தட்டிக்கொண்டே வந்தது. கூரையை விட்டு வந்தாயிற்று, சுமை மட்டும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கை வைத்தாள். பலகையாய்க் கிடந்தது. நாடியைப் பிடித்தவள் நர்ஸை அதட்டிக் கூப்பிட்டாள். குடல்வால் பழுத்திருந்தது, பேதிக்குக் கொடுத்தது அதை இன்னும் கெடுத்துவிட்டது என்றாள்.

"வலி நின்னது நல்லதுக்கில்லப்பா. அது வெடிச்சதாலதான் நின்னுருக்கு. சீழ் வயிறு பூரா பரவி, ரத்தத்துலயும் விஷம் ஏறிடுச்சு."

உடனே பாட்டில் ஏற்றினார்கள். பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் போட்டு, அன்றைக்கே வயிற்றைத் திறந்து கழுவினார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு, ஊசியை விடாமல் போடுவோம், உடம்பு கேட்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா.

மறுநாள் மதியம் வயிற்றில் ரப்பர் குழாயோடு கிடந்தான் லியோனார்ட். நினைவு இல்லை, கை மட்டும் நிற்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற லூர்து, தன்னை அறியாமலே அங்கிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் பிடி கொஞ்சம் நெகிழ்ந்தது. கட்டுப்போட்ட வயிற்றுக்கு மேலே ஒரு சாணில் சுமை வந்திருக்கும். சட்டென்று லியோனார்டின் விரல்கள் மடங்கின. கை மூடிக்கொண்டது. நிறுத்து, அப்படியே பிடி.

லூர்து கம்பியை இறுக்கினான். நர்ஸ் அடுத்த ஊசியோடு வந்து, வழியை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"அந்தாண்டயா வாம்மா" என்றான் அவன், தலையைத் திருப்பாமல். "தொங்கிகினு கீது."

அவள் ஒருமுறை மேலே பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய் ஊசியைப் போட்டாள். மூடிய கை திறக்கவில்லை. தூக்குவாளியில் கஞ்சியோடு வந்த ஞானசெல்வி, உட்காரேன்டா என்று தம்பியின் தோளைத் தொட்டாள். லூர்துவின் கை இரண்டும் மரத்துப்போயிருந்தன, பிடியை விடவில்லை.