குண்டுத் தேனீ திறந்த பெட்டி

கப்பலில் வந்த பூந்தொட்டி ஒன்றில் ஒளிந்து வந்த குண்டுத் தேனீ, முதல் வாரத்திலேயே துறைமுகத் தெருவில் நாற்பத்திரண்டு பூட்டுகளைச் சாவியில்லாமல் திறந்தது. தக்காளிப் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பது அதன் பிழைப்பு. பூவுக்கும் பூட்டுக்கும் அது பேதம் பார்க்கவில்லை. உட்கார்ந்து ஒரு தடவை ரீங்கரிக்கும், பூட்டு திறந்துவிடும். திருடர்கள் இரண்டு நாள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு, எதுவுமே பூட்டியிராத ஊரில் திருடினால் தொழிலுக்கே மரியாதை இல்லை என்று வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் பார்த்துவந்த பூட்டுக்காரிக்கு இந்தச் செய்திகளை வாராவாரம் கொண்டுவந்தவர் பூச்சி ஆபீசர். தேனீ எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்துவது அவர் உத்தியோகம். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வியாழன்தோறும் வந்து நிற்பார். "சாவியை உள்ளயே வெச்சு மூடிட்டேங்க." முதல் வாரம் அவள் நம்பினாள். முப்பதாவது வாரம் நம்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இரண்டு நிமிட வேலையை ஒன்றரை மணி நேரம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் பூட்டையும் தேனீயையும் விட்டு வேறு பேச்சு இருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

"பேக்கரி வரைக்கும் வந்துடுச்சு," என்றார் ஒரு வியாழன். அடுத்த வாரம், "மருந்துக்கடை முக்கு," என்றார், சுரத்தே இல்லாமல். மருந்துக்கடைக்கு அடுத்தது அவள் தெருதான். கடை போனால் போகட்டும், கைத்தொழில் தெரிந்தவளுக்குப் பிழைப்பா இல்லை? பெட்டி தானாகவே திறந்துகொண்டால் இந்த மனுஷர் எந்தச் சாக்கில் வருவார் என்பதுதான் அவள் கவலை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தேனீ அவள் தெருவுக்கு வந்தது. பதினோரு மணிக்குக் கடையில் தொங்கிய அத்தனை பூட்டும் திறந்து கிடந்தன. வியாழனும் வந்தது. மணி நான்காயிற்று, ஐந்தாயிற்று. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். "நாசமாப் போற தேனீ, உனக்கு வேற ஊரே கிடைக்கலியா?" என்று வாய்விட்டுத் திட்டினாள். அழுகைகூட வந்தது.

ஆறு மணிக்கு அவர் வந்தார். பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். மூடிமேல் ஒரு குண்டுத் தேனீ உட்கார்ந்திருந்தது.

"மூடவே மாட்டேங்குதுங்க. பூட்டித் தர முடியுமா?"

அவள் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "முடியும். ஆனா நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

"உள்ள வந்து உட்காருங்க, சொல்றேன்."

பதினான்கு வருஷமாகிறது. வியாழன்தோறும் மாலையில் அவள் அந்தப் பெட்டியை ரிப்பேர் பார்க்கிறாள், கணவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், மகள்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. பெட்டிக்குள் சாவிக்குப் பக்கத்தில் தேனீ கூடு கட்டியிருக்கிறது.