ஜோசிலா என்னும் சக்களத்தி

இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர், நடுவில் கோடு கிழித்தாற்போல ஒரு பாதை, அதில் ஒரு ராணுவ லாரி, லாரிக் கதவில் சாய்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது கஸ்பார், மடியில் பிள்ளையோடு மெற்றில்டா செல்போனில் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்க்கிறாள், தாலி கட்டிய அன்றைக்குக்கூட இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கவில்லையே என்று வயிறு எரிகிறது, எரிச்சல் புதிதா என்ன, கல்யாணமான வருஷமே தொடங்கியது, அன்று மணப்பாட்டுக் கடற்கரையில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள், அவன் பேச்சில் பாதியைக் காற்று தின்றுவிடுகிறது, கிறிஸ்மஸுக்கு வர முடியாது ட்டீ, ஜோசிலா விடமாட்டேங்கா, அவ வழி விட்டாத்தான் எங்க வண்டி இறங்கும், கோபக்காரி, ஆனா என்ன அழகு ட்டீ, ஜோசிலா யாரென்று அவள் கேட்கவேயில்லை, கேட்பானேன், ஜோஸ்பின், ஜோஸ்லின் என்று தடுக்கி விழுந்தால் பெயர் வைக்கிற ஊர்க்காரிக்குத் தெரியாதா, ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்து நர்ஸ், சுருட்டைமுடி, குழி விழுகிற கன்னம் என்று தானே ஒருத்தியை உண்டாக்கி, பண்டிகை முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தாள், கடைசியில் நாத்தனார் லீமாதான் விழுந்து விழுந்து சிரித்தாள், அய்யோ மைனி, அது பொம்பளை இல்ல, கணவாய், எந்தக் கணவாய், நேத்து மாமி குழம்பு வச்சாங்களே அதா, மீனு இல்ல மைனி, மலைக்கும் மலைக்கும் நடுவுல உள்ள வழி, காஷ்மீர்லேர்ந்து லடாக்குக்குப் போறது, ஜோஜிலான்னு பேரு, அண்ணன் வாயில ஜோசிலா ஆயிட்டு, பனி விழுந்தா மூடிக்கிடும்.

மெற்றில்டாவும் சிரித்தாள்தான், ஆனால் பொறாமை தீரவில்லை, கூடிற்று, நர்சாக இருந்திருந்தால் ரயிலேறிப் போய்க் கொண்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம், மலைக்கு ஏது கொண்டை, லீவில் வந்தவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான், ஏறும்போது ஒரே மரமும் ஓடைத் தண்ணியுமா இருக்கும் ட்டீ, மேகமெல்லாம் அந்தப் பக்கமே நின்னுபோகும், தாண்டி இறங்கினா பொட்டு மரம் கிடையாது, ஒரு மலை சிவப்பு, ஒண்ணு ஊதா, அங்கெல்லாம் ஒருகாலத்துல கடலாக் கிடந்ததாம், கல்லை உடைச்சா சிப்பி இருக்குமாம், மெற்றில்டா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், கடலாவது தன் பக்கம் என்று நம்பியிருந்தாளே, அதையும் அந்த ஜோசிலா வாரிக்கொண்டு போய்விட்டாளா, இங்கே உயரமென்று இருப்பது சிலுவைக்கோயில் நிற்கிற மணல்மேடு ஒன்றுதான், அதைப் பார்த்து இவன் என்றைக்காவது வாயைப் பிளந்திருக்கிறானா, பேறுகாலத்துக்கு வருகிறேன் என்றான், வலி எடுத்த அன்றைக்கும் அவள் வழி விடவில்லை.

இன்று ஞானஸ்நானம், அவன் இல்லை, காலையில் போனில் சொல்கிறான், இன்னும் கொஞ்ச காலம் இங்கயே இருக்கேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் ட்டீ, கோவப்படாத, அவள் போனை வைத்துவிட்டாள், கோயிலில் பங்குச்சாமி கேட்கிறார், பிள்ளைக்கு என்ன பேரும்மா, அப்பனைப் பெற்றவள் பெயர்தானே மூத்த பெண்ணுக்கு, மாமி முந்திக்கொண்டு தெரசம்மா என்கிறாள், ஜோசிலா, சாமி, என்கிறாள் மெற்றில்டா, மாமி முறைக்கிறாள், முறைக்கட்டும், அந்தச் சக்களத்தியிடம் பறிக்க முடிந்தது பெயர் ஒன்றுதான், பறித்தாயிற்று, இனி அவன் எங்கே நின்று அந்தப் பெயரைச் சொன்னாலும் கண்ணுக்குள் இந்தப் பிள்ளை முகம்தான் வரவேண்டும், பெயரைப் பறிகொடுத்தவள் வெறும் பனியாகக் கிடக்கட்டும், தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீறிடுகிறது, மைனி, அண்ணன் வீடியோவுல வந்திருக்கான், பேரு வச்சதைக் கேட்டுட்டான் என்று லீமா போனை நீட்டுகிறாள், பின்னால் அத்தனை பெரிய மலை நிற்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கஸ்பார் அழுகிறான், ஜோசிலா, என் ராசாத்தி, அப்பா வந்திருதேன், எழுதிக் கொடுத்ததைக் கிழிச்சுப் போடச் சொல்லுதேன், ஜெயித்துவிட்டாள், ஊரறிய ஜெயித்துவிட்டாள், ஆனால் அந்தக் குரல், அந்தக் குழைவு, தன்னிடம் ஒருநாளும் காட்டாதது, மெற்றில்டா கையிலிருக்கும் பிள்ளையைக் குனிந்து பார்க்கிறாள், வயிறு மறுபடியும் எரிகிறது.