ஒப்பிட ஒரு தலை

1.

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணி. கழுத்துவலிக்காக ஸ்கேன் மையத்தில் காத்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத் தானே இயந்திரத்துக்குள் படுக்கப் போனார். ஏன் என்று கேட்டேன்.

"புது முறை சார், சோதிச்சுப் பாக்கணும். இருக்கறதுலயே மலிவு என் மண்டைதான்."

நான் அறிந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

2.

மூளை ஒரு கடல். அதன் கரையில்—

(அடித்துவிட்டேன். அளக்கத் தெரியாதவன்தான் கடல் என்பான்.)

மூளைச் செல்களுக்கு உள்ளேயும் நீர், வெளியேயும் நீர். வெளியே இருப்பது வேகமாக அலையும். உள்ளே அடைபட்டது மெதுவாக. ஸ்கேனில் வேகமான நீரின் சிக்னலை முதலில் அழித்துவிடுவார்கள். காத்திருப்பார்கள்.* உள்ளிருந்து கசிந்து வரும் நீரால் அந்தச் சிக்னல் மெல்லத் தலைதூக்கும். எவ்வளவு விரைவில் என்பதுதான் அளவு. நோயால் செல்லின் சவ்வு கெட்டால் அது மாறும்.

* கண்ணிமைக்கும் நேரம்தான். கதைக்குப் போதாது.

3.

ஆராய்ச்சியாளருக்கு ஒரு தங்கை வேண்டும். கொடுக்கிறேன். அப்பாவுக்குக் கை நடுக்கத்தில் தொடங்கி மறதியில் முடிந்த நோய்; குடும்பத்தில் இறங்கி வருவது. இப்போது தங்கையின் கையில் கோப்பை கடகடக்கிறது.

"உன் மெஷின்ல என்னையும் போட்டுப் பாரேன்."

"அதுவே இன்னும் சோதனையிலதான் இருக்கு."

"நானும்தான்."

(அவளை அழவைக்க மூன்று வரி எழுதினேன். மறுத்துவிட்டாள்.)

4.

அவளுடைய அளவு 'இயல்பு' என்று வைத்திருந்த அளவோடு அச்சாகப் பொருந்தியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்தார்.

அந்த 'இயல்பு', அவருடைய தலை.

முன்பு இதே இயந்திரத்தில் இரண்டு மாணவர்களும் காவலாளியும் படுத்திருந்தார்கள். அளவு வேறாக வந்தது. அசைந்திருப்பார்கள் என்று ஒதுக்கிவிட்டார். இப்போது அந்தக் கோப்புகளைத் திறக்கிறார். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதவை இரண்டு தலைகள்.

5.

முடிவு ஒன்று: இயந்திரக் கோளாறு. எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: அவர் சொல்லிவிடுகிறார். "உனக்கும் எனக்கும்" என்று தொடங்கி—

அதற்கு மேல் வரவில்லை. கதைக்காகக் கொடுத்த நோயைத் திரும்ப வாங்க எனக்குத் தெரியவில்லை. இருவரில் ஒருவரிடமிருந்துகூட. உங்களுக்குத் தெரிந்தால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சீக்கிரம். அவள் தோட்டை மாட்டியபடி அறைக்குள் வருகிறாள். திரையில் இருவர் தலைப்படங்களும், பெயரோடு, பக்கத்தில் பக்கத்தில். அவருக்கு மூடத் தோன்றவில்லை.

"அட, உன்னுது மாதிரியே இருக்கே! அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதானே அண்ணா?"