வட்டகொடைக்கு வந்த மீன்கள்

துரைராசா மலைநாட்டு வட்டவளையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது அவர் மனைவி குணபூசணி கடல் மீன் வளர்த்தாள். காரைநகரில் கடலைப் பார்த்தே வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருஷம் அழுகையிலேயே கழிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் துரைராசா இரும்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று செய்வித்தார். கடல் தண்ணீரைக் கொழும்பிலிருந்து பீப்பாயில் ரயிலேற்றிக் கொண்டுவந்தவர் ரயில் கார்டு செல்வரத்தினம். மணல், கல், மீன் எல்லாம் அவர் தயவுதான். நீல மீன்கள் மூன்று. வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன்கள் ஒரு சோடி.

குளிருக்குத் தொட்டியின் அடியில் அரிக்கன் லாம்பு வைப்பாள். நினைத்தபோதெல்லாம் செம்பால் தண்ணீரை அள்ளி உயரப் பிடித்து ஊற்றுவாள், மீன் மூச்சுவிட வேண்டுமே என்று. மீன்கள் இரண்டு வருஷம் சுகமாக இருந்தன. அவளும் அழுவதை விட்டிருந்தாள்.

ஐம்பத்துநாலாம் வருஷம் தை மாதம் துரைராசாவுக்கு வட்டகொடைக்கு மாற்றம் வந்தது. தண்ணீர் பீப்பாய்களில் ஏறியது. கல்லும் மணலும் ஈரச் சாக்கில். மீன்களை நன்றாகக் கழுவிய இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தில் விட்டு, கார்டு பெட்டியில் வழி நெடுகக் காலால் அணைத்துக்கொண்டே வந்தாள் குணபூசணி. ஒன்றும் சாகவில்லை. வந்த களைப்பில் தலை வெடித்துவிடும் போலிருக்க, கொஞ்சம் பாயில் சரிந்தாள்.

வீட்டு வேலைக்கு உதவ வந்தவள் வீரம்மா, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். சாக்கைத் திறந்து பார்த்தாள். கல்லெல்லாம் பழுப்புப் பாசி, மணலில் ஒரு நாற்றம். புதிதாக வந்த அம்மாவுக்கு இதையாவது செய்து கொடுப்போமே என்று தண்ணீர் விழும் பீலிக்குச் சுமந்துபோய், தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்து, மணலை அலசி அலசி, வெள்ளை வெளேரென்று கொண்டுவந்து வைத்தாள்.

"பாருங்கம்மா, எம்புட்டு அழுக்கு! எப்படித்தான் இதுல மீனு இருந்துச்சோ."

"நல்ல வடிவாய்க் கிடக்கு," என்றாள் குணபூசணி. மனதார மெச்சித்தான் சொன்னாள்.

இரண்டு நாள் போயிருக்கும். தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியது. நீல மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்து பார்த்தால் மூன்றும் மிதந்தன.

"குளிர் கூடிப்போச்சு, குணம். இடம் மாறினதுதான்," என்றார் துரைராசா.

லாம்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரும் பழைய தண்ணீர்தான். மாறியது எது என்று யோசித்தவளுக்குக் கல்லும் மணலும்தான் ஞாபகம் வந்தன. கழுவிப்போன அந்தப் பாசிதான் இத்தனை நாளும் தண்ணீரைக் கெடாமல் வைத்திருந்ததோ என்று பட்டது. அந்நேரம் வீரம்மா விறகோடு உள்ளே வந்தாள்.

"ஆரைக் கேட்டுக் கழுவினனீ? என்ரை மீனெல்லாம் செத்துப்போச்சு! உன்ரை கைதான் கொன்றது!"

வீரம்மா விறகை ஓசைப்படாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அன்றைக்குச் செம்மஞ்சள் சோடியில் ஒன்றும் செத்தது. மற்றது கல்லோரமாகச் சாய்ந்து கிடந்தது. செம்பால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோய் உட்கார்ந்தபோது, 'வடிவாய்க் கிடக்கு' என்று தான் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. எழுந்து லயத்துக்கு நடந்தாள்.

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த வீரம்மா அவளைக் கண்டதும் பதறினாள்.

"அம்மா, நீங்க எதுக்கு இங்கெல்லாம்... நெசமா நா கழுவுனதாலதானா செத்துச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை.

"அப்பிடித்தான் நினைக்கிறன், வீரம்மா. ஆனால் எனக்கும் தெரியேல்லை. தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே திருப்பிக் கொட்டியிருப்பன். உன்னை ஏசினது பிழை."

வீரம்மாவின் கண் நிறைந்தது. "இன்னும் ஒண்ணு இருக்குல்லம்மா? வாங்க, போவோம்."

மாலை முழுவதும் இருவரும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினார்கள். வீரம்மா லாம்புத் திரியைத் தூண்டினாள். சாமி பெயர்களையெல்லாம் முணுமுணுத்தாள். இருட்டும் நேரம் மீன் ஒருமுறை நேராக நிமிர்ந்து நீந்தியது. "அம்மா, பாருங்க!" என்றாள் வீரம்மா. கொஞ்சம் போனதும் அது சரிந்தது. பிறகு அசையவில்லை.

செல்வரத்தினம் வேறு மீன் கொண்டுவருகிறேன் என்றார். குணபூசணி வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இன்னொருமுறை சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாளி வாளியாகத் தொட்டியை இறைத்தார்கள். உப்புத் தண்ணீரில் செடிகள் பட்டுப்போகுமென்று தண்டவாளத்து ஓர வடிகால் கானில் ஊற்றினார்கள். கடைசி வாளியில் விரலை நனைத்து வீரம்மா நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இதான் கடலாம்மா?"

குணபூசணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கானோரமாகக் குந்தி, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதாள். வீரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.